பிரியாத அடுக்கு: கரியிழைத் தகடுகளில் பிளவும் பிளவெதிர்ப்பும்

முன்னுரை

வலியது எது என்று வினவினால் இரும்பு என்போம், வைரம் என்போம், யானை என்போம். அன்றாட வழக்கிற்கு 'வலிமை' என்னும் இவ்வொரு சொல்லே போதுமானதாக இருக்கிறது. ஆயின், பொருள்களின் இயல்பை ஆராயும் பொறியியலுக்கு அது போதாது. இழுத்தால் அறாமை ஒன்று. வளைத்தால் வளையாமை மற்றொன்று. கீறினால் தடம் படாமை வேறொன்று. ஏற்கெனவே விழுந்துவிட்ட கீறல் மேலும் ஓடாதவாறு தடுத்து நிறுத்தும் தன்மையோ இம்மூன்றினின்றும் முற்றிலும் வேறானது. கண்ணாடி கடினமானது, விறைப்பானது, எனினும் ஒரு கீறலைக்கூட அதனால் தாங்கிக்கொள்ள இயலாது. இந்நான்காவது தன்மையை நாம் இக்கட்டுரையில் 'பிளவெதிர்ப்பு' என வழங்குகின்றோம்.

இன்று வானூர்திகளின் சிறகுகளும், ஏவூர்திகளின் உடற்கலன்களும், பந்தய மிதிவண்டிகளும் கரியிழைக் கூட்டுப்பொருளால் ஆகின்றன. எடையிற் குறைந்து வலிமையில் எஃகை விஞ்சும் இப்பொருளுக்கும் ஒரு குறை உண்டு. அது அடுக்கடுக்காக ஆக்கப்படுவது. அடுக்கடுக்காகவே பிரிந்துபோகவும் கூடியது. இவ்வடுக்குப் பிளவின் இயல்பையும், அதனை அளக்கும் முறையையும், அதனால் நேர்ந்த இழப்புகளையும், தமிழில் அதனைச் சொல்ல நமக்குள்ள சொல்வளத்தையும் சுருங்கக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாரும் பிசினும்

மயிலாப்பூர் மாட வீதிகளில் பூத்தொடுப்போரின் கைகளில் வாழைநாரைக் காண்கிறோம். நனைத்த நாரை நீளவாக்கில் இழுத்தால் எளிதில் அறுவதில்லை. அதே நாரை நகத்தால் குறுக்கே வகிர்ந்தால் இரண்டாகவும் நான்காகவும் பிரிந்துவிடுகிறது. நாரின் வலிமை முழுவதும் அதன் நீளத்திலேயே உள்ளது, அகலத்தில் இல்லை. கரியிழைத் தகட்டின் இயல்பை விளங்கிக்கொள்ள இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை எனலாம்.

கரியிழை ஒன்றின் விட்டம் 5 முதல் 7 மைக்ரோமீட்டர் வரை. அதாவது தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. இத்தகைய பல்லாயிரம் இழைகளை ஒரே திசையில் நெருக்கிப் பரப்பி, எப்பாக்சி என்னும் பிசினில் தோய்த்து, மெல்லிய விரிப்பாக ஆக்குகின்றனர். ஒரு விரிப்பின் தடிமன் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கே. விரிப்பு ஒரு திசையில் மட்டுமே வலிதாகையால், அடுத்த விரிப்பைக் குறுக்காகவும், அதற்கடுத்ததைச் சாய்வாகவும் அடுக்கி, வெப்பமும் அழுத்தமும் தந்து இறுகச் செய்கின்றனர். இதுவே அடுக்குத் தகடு.

இங்கு ஒன்றைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். ஒவ்வோர் அடுக்கினுள்ளும் இழைகள் உள்ளன. இரண்டு அடுக்குகளுக்கு இடையிலோ பிசின் மட்டுமே உள்ளது. ஓர் அடுக்கிலிருந்து மற்றோர் அடுக்கிற்குக் கடந்து செல்லும் இழை ஒன்றுகூட இல்லை. ஆகவே தகட்டைத் தன் தளத்தில் இழுக்கும்போது இழைகள் சுமக்கின்றன. அடுக்குகளைப் பிரித்திழுக்கும்போது பிசின் தனித்து நிற்கிறது. மழைநீர் ஊறிய ஒட்டுப்பலகை அடுக்கு விட்டுப் போவதையும், கடற்காற்றில் சுவர்ப்பூச்சு பாளமாகப் பெயர்வதையும் நாம் அறிவோம். அவற்றின் உயர்தர உறவே கரியிழைத் தகட்டின் அடுக்குப் பிளவு.

கீறல் ஏன் ஓடுகிறது?

தியாகராய நகர்த் துணிக்கடைகளில் கணந்தோறும் நிகழும் ஒரு செயல் இவ்வினாவிற்கு விடை தருகிறது. கடைக்காரர் துணியைக் கிழிக்கத் தொடங்குமுன் அதன் ஓரத்தில் கத்தரியால் சிறு வெட்டு ஒன்று இடுகிறார். பின்பு இரு கைகளாலும் இழுக்க, துணி நேர்கோட்டில் கிழிந்து செல்கிறது. வெட்டு இல்லாத துணியை அதே கைகளால் எவ்வளவு இழுத்தும் கிழிக்க இயலாது. துணியின் வலிமை மாறவில்லை. கைகளின் வலிமையும் மாறவில்லை. ஒரு சிறு வெட்டு மட்டுமே புகுந்தது.

இந்த உண்மையைக் கணித வடிவில் நிறுவியவர் ஆங்கிலேயப் பொறியாளர் கிரிஃபித். கண்ணாடி முறிவதைப் பற்றி அவர் 1921ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வே முறிவியல் என்னும் துறைக்கு அடித்தளமாயிற்று. அவர் கூறியதன் சாரம் இது: சுமை ஏற்றப்பட்ட பொருள் வில்லைப் போல ஆற்றலைச் சேமித்து வைத்துள்ளது. கீறல் சற்று நீளும்போது அவ்வாற்றலில் ஒரு பகுதி விடுபடுகிறது. அதே வேளையில் புதிய பரப்புகளை உண்டாக்க ஆற்றல் செலவாகிறது. விடுபடும் ஆற்றல் செலவாகும் ஆற்றலை எட்டினால் கீறல் ஓடும்; எட்டாவிடில் நிற்கும். வரவும் செலவும் பார்க்கும் வணிகனின் கணக்கே இது. பின்னர் 1950களில் அமெரிக்கரான இர்வின் இக்கருத்தை உலோகங்களுக்கும் விரித்துப் பொறியாளரின் கைக்கருவியாக்கினார்.

ஒரு சதுர மீட்டர் பிளவை உண்டாக்க எத்தனை ஜூல் ஆற்றல் செலவாகிறது என்பதே பிளவெதிர்ப்பின் ஓர் அளவாகும். கண்ணாடிக்கு இது ஏறத்தாழ 10 ஜூல். வழக்கமான எப்பாக்சி பிசினில் அமைந்த கரியிழைத் தகட்டின் அடுக்குகளுக்கிடையே 100 முதல் 300 ஜூல் வரை. வானூர்திக்கு உதவும் அலுமினியக் கலவைகளுக்கோ 10,000 ஜூலையும் கடக்கும். எஃகை வெல்லும் வலிமை படைத்த பொருள், அடுக்குகளுக்கிடையே கண்ணாடிக்கு அண்மையில் நிற்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன.

அளக்கும் முறை

பிளவெதிர்ப்பை அளக்கும் சோதனை எளிமையும் நுட்பமும் ஒருங்கே உடையது. 25 மில்லிமீட்டர் அகலமும் 3 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட பட்டை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதனை அடுக்கி ஆக்கும்போதே, ஒரு முனையில், நடு அடுக்கில், பிசின் ஒட்டாத மெல்லிய டெஃப்லான் படலம் ஒன்றைச் செருகி விடுகின்றனர். துணிக்கடைக்காரரின் கத்தரி வெட்டுக்கு நிகரானது இது. பின்னர் அம்முனையின் மேலும் கீழும் கீல்களை ஒட்டி, முதலையின் வாயைத் திறப்பதுபோல் மெல்ல இழுக்கின்றனர். இம்முறைக்கான அமெரிக்கத் தரவிதி 1994இலும் உலகத் தரவிதி 2001இலும் வெளியாயின.

பிளவு 50 மில்லிமீட்டர் நீளத்தில் இருக்கையில், 50 நியூட்டன் விசையில், வாய் 5 மில்லிமீட்டர் திறந்தபோது பிளவு நகரத் தொடங்கியதாகக் கொள்வோம். விசையையும் திறப்பையும் பெருக்கி, அதனை மும்மடங்காக்கி, அகலத்தையும் பிளவு நீளத்தையும் பெருக்கியதன் இருமடங்கால் வகுத்தால் விடை கிடைக்கும். மேலே 750, கீழே 2,500. ஆக, மில்லிமீட்டருக்கு 0.3 நியூட்டன், அதாவது சதுர மீட்டருக்கு 300 ஜூல். 30 கிலோ மூட்டையை ஒரு மீட்டர் உயரம் தூக்குவதற்கு ஆகும் ஆற்றலே ஒரு சதுர மீட்டர் பரப்பை முழுவதுமாகப் பிரிக்கப் போதுமானது என்பது இதன் பொருள்.

இங்கு எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. 50 நியூட்டன் என்பது ஏறத்தாழ ஐந்து கிலோ எடையே. அதே பட்டையில் இழைகள் யாவும் நீளவாக்கில் அமைந்திருப்பின், அப்பட்டையை நீளவாக்கில் இழுத்து அறுக்க ஏறத்தாழ 11 டன் விசை வேண்டும். ஒரு மாநகரப் பேருந்தின் எடையை ஏறக்குறையத் தாங்கவல்ல பட்டை, பக்கவாட்டில் ஐந்து கிலோவிற்கு வாய் திறந்துவிடுகிறது. வலிமை வேறு, பிளவெதிர்ப்பு வேறு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

பிளவு மூவகைப்படும். வாய் திறப்பது ஒன்று; ஓரடுக்கு மற்றோரடுக்கின்மேல் வழுக்குவது மற்றொன்று; தாளைக் கிழிப்பதுபோல் பக்கவாட்டில் கிழிவது பிறிதொன்று. பெரும்பாலும் முதல்வகைக்கே எதிர்ப்பு குறைவு. நடைமுறையில் இவை கலந்தே நிகழ்வதால் ஒவ்வொன்றையும் தனித்தும் சேர்த்தும் அளக்க வேண்டியுள்ளது.

சோதனையில் ஒரு மயக்கமும் உண்டு. பிளவு ஓட ஓட, சில இழைகள் இரு கரைகளுக்கும் இடையே பாலம்போல் நின்று இழுத்துப் பிடிக்கின்றன. இதனால் அளவு ஏறிக்கொண்டே போகிறது. ஒரே திசை இழைகளால் ஆன சோதனைப் பட்டையில் இப்பாலம் மிகுதி. வெவ்வேறு திசை அடுக்குகள் கொண்ட மெய்யான சிறகிலோ குறைவாகவே இருக்கக்கூடும். ஆதலின் கவனமுள்ள பொறியாளர், பிளவு தொடங்கும்போது கிடைத்த குறைந்த எண்ணையே நம்பிக் கணக்கிடுகிறார். பெரிய எண்ணைக் கண்டு மகிழாமல் சிறிய எண்ணை ஏற்கும் அடக்கம், பயணியரின் உயிரைக் காக்கிறது.

கண்ணுக்குப் புலப்படாத காயம்

உலோகத் தகட்டின்மேல் திருகுச்சாவி ஒன்று தவறி விழுந்தால் பள்ளம் விழும், பார்ப்பவர் அறிவர். கரியிழைத் தகட்டின்மேல் விழுந்தால் மேற்பரப்பில் ஒரு தடமும் இல்லாதிருக்கலாம். ஆனால் உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கக்கூடும். அரைக்கிலோ எடையுள்ள கருவி இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் ஏறத்தாழ 10 ஜூல் ஆற்றல் கிடைக்கிறது. அதில் பத்தில் ஒரு பங்கு மட்டுமே பிளவாக மாறினும், மேற்கண்ட கணக்கின்படி, முப்பது சதுர சென்டிமீட்டருக்கு மேற்பட்ட பரப்பு உள்ளே பிரிந்துவிடும்.

பிரிந்த தகடு இழுவிசையை ஓரளவு தாங்கும், அமுக்குவிசையைத் தாங்காது. ஒரு தகடு நடுவில் இரண்டாகப் பிரிந்தால், ஒவ்வொரு பாதியின் வளைவெதிர்ப்பும் முன்னிருந்ததில் எட்டில் ஒரு பங்காகிறது. இரண்டும் சேர்ந்தும் நான்கில் ஒரு பங்கே. அமுக்கும்போது பிரிந்த அடுக்கு புடைத்து வெளியே வளைகிறது. அவ்வளைவு பிளவின் வாயை மேலும் திறக்கிறது. பிளவு மேலும் பரவுகிறது. வெட்டப்பட்ட விளிம்புகளிலும் துளைகளின் ஓரங்களிலும், வெளியடி ஏதுமின்றியே அடுக்குகளைப் பிரிக்கும் தகைவுகள் எழுகின்றன என்பதைப் பைப்ஸ், பகானோ ஆகிய ஆய்வாளர்கள் 1970இல் கணக்கிட்டுக் காட்டினர்.

இக்காயத்தைக் கண்டறியும் முறைகளுள் மிகப் பழமையானது தட்டிப் பார்த்தல். வானூர்திப் பணிமனைகளில் நாணயத்தாலோ சிறு சுத்தியலாலோ தகட்டைத் தட்டி ஓசையைக் கேட்கின்றனர். ஒட்டிய இடத்தில் ஓசை தெளிவாக எழும். பிரிந்த இடத்தில் மந்தமாக ஒலிக்கும். பொங்கலுக்குப் பானை வாங்கும் தாய்மார் சுண்டிப் பார்த்து வாங்குவதும், கொத்தனார் தரை ஓட்டைத் தட்டிப் பொள்ளல் அறிவதும் இவ்வறிவே. ஆழத்திலுள்ள சிறு பிளவுகளுக்குச் செவி போதாது. அங்கு மீயொலி அலைகள் துணை நிற்கின்றன.

வரலாறு தரும் பாடங்கள்

பிரிட்டனின் ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனம் 1960களின் இறுதியில் தன் புதிய தாரை எந்திரத்திற்குக் கரியிழையாலான விசிறி அலகுகளை வடித்தது. எடை வெகுவாகக் குறைந்தது. ஆயின் 1970இல் பறவை மோதல் சோதனையில் அவ்வலகுகள் சிதறின. டைட்டானியத்திற்குத் திரும்ப நேர்ந்தது. அத்திட்டத்தின் செலவுச் சுமையில் 1971 பிப்ரவரியில் அப்பெருநிறுவனமே நொடித்து, அரசின் கைக்குச் சென்றது. கால் நூற்றாண்டு கழித்து, பிளவெதிர்ப்பு மிகுந்த பிசினும் டைட்டானிய முன்விளிம்பும் கொண்ட கூட்டுப்பொருள் விசிறி அலகுகள் 1995இல் அமெரிக்க எந்திரம் ஒன்றில் பறந்தன. முன்னையது தோற்றதும் பின்னையது வென்றதும் வலிமையால் அன்று. தாக்குதலை ஏற்றும் சிதறாமல் நிற்கும் திறனாலேயே ஆகும்.

அண்மைய பாடம் மேலும் கொடியது. 2023 ஜூன் 18 அன்று, மூழ்கிய டைட்டானிக் கப்பலைக் காண வட அட்லாண்டிக் கடலில் இறங்கிய டைட்டன் என்னும் சிறுகலம் நொறுங்கி ஐவர் மாண்டனர். அவர்களுள் ஒரு தந்தையும் அவர்தம் இளமகனும் அடங்குவர். அக்கலத்தின் உடல், ஏறத்தாழ 13 சென்டிமீட்டர் தடித்த கரியிழை உருளை. டைட்டானிக் கிடக்கும் 3,800 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரின்மேலும் ஏறத்தாழ 390 கிலோ எடை அழுத்துகிறது. 2022 ஜூலையில் ஒரு பயணத்தின் இறுதியில் பேரோசை ஒன்று கேட்டது. அதன்பின் உடலில் பொருத்திய உணரிகளின் அளவுகளும் மாறின. அப்போதே அடுக்குகள் பிரிந்திருந்தன என்பது அமெரிக்க விசாரணையாளர் 2025இல் வெளியிட்ட முடிவு. தட்டாமலே தகடு தானாக எழுப்பிய ஓசை அது. அதனைக் கேட்டும், கலம் மறு ஆண்டும் கடலுள் இறக்கப்பட்டது.

நம் சென்னையின் தென்கோடியில், பள்ளிக்கரணையில் அமைந்துள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம், மூவரை 6,000 மீட்டர் ஆழத்திற்குக் கொண்டுசெல்லும் நோக்குடன் 'மத்சயா 6000' என்னும் கலத்தை உருவாக்கி, 2025இன் தொடக்கத்தில் காட்டுப்பள்ளித் துறைமுக நீரில் சோதித்தது. ஆழ்கடலுக்கென அது வகுத்த மனிதர் அமரும் கோளம், 80 மில்லிமீட்டர் தடித்த டைட்டானியக் கலவையால் ஆனது. உலோகத்தில் பிரிவதற்கு அடுக்கு இல்லை. எப்பொருளை எவ்விடத்தில் பயன்படுத்துவது என்னும் தெளிவே பொறியியலின் முதற் பாடம் என்பதை இது உணர்த்துகிறது.

இதனால் கரியிழையை வெறுத்தல் வேண்டா. 2001 ஜனவரி 4 அன்று முதன்முதல் பறந்த நம் தேஜஸ் போர்வானூர்தியின் உடலெடையில் ஏறத்தாழ 45 விழுக்காடு கூட்டுப்பொருளே. போயிங் 787இல் இது ஏறத்தாழப் பாதி. பிசினில் நெகிழ்மத் துகள்களைக் கலத்தல், அடுக்குகளுக்கிடையே மெல்லிய மென்படலம் இடுதல், அடுக்குகளை ஊடுருவி நூலால் தைத்தல், இழைகளை முப்பரிமாணத்தில் நெய்தல் எனப் பல வழிகள் பிளவெதிர்ப்பை உயர்த்துகின்றன. வெப்பத்தில் இளகும் ஒருவகைப் பிசினைப் பயன்படுத்தி 1,000 ஜூலுக்கு மேலும் எட்டியுள்ளனர். தையலால் தளவலிமை சற்றுக் குறையும். ஒன்றைப் பெற ஒன்றை இழப்பது இங்கும் உண்டு.

நம் ஊரும் நம் மொழியும்

இத்துறைக்கும் நம் நகருக்கும் உள்ள உறவு நெருக்கமானது. அடையாற்றுப் பகுதியில் 1959இல் தோன்றிய இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் கூட்டுப்பொருள் ஆய்வு நெடுங்காலமாக நடைபெற்று வருகிறது. தரமணியில் கட்டடப் பொறியியல் ஆய்வு மையம் உள்ளது. பழுதுற்ற கான்கிரீட் தூண்களுக்கும் உத்திரங்களுக்கும் கரியிழைத் துணியை ஒட்டி வலுவூட்டும் முறை இன்று பரவி வருகிறது. அங்கும் துணி உரிந்து பெயர்தலே முதற் பகை.

குரோம்பேட்டைத் தொழில்நுட்ப நிறுவனத்தில் வானூர்திப் பொறியியல் பயின்ற இராமேசுவரத்து மாணவர் ஏ.பி.ஜெ. அப்துல் கலாம், 1980 ஜூலை 18 அன்று ரோகிணியை விண்ணிலேற்றிய எஸ்.எல்.வி.-3 திட்டத்தின் இயக்குநராகத் திகழ்ந்தார். ஏவுகணைக்கென வளர்ந்த கூட்டுப்பொருள் அறிவைக் கொண்டு, ஐதராபாத் மருத்துவமனை ஒன்றில் மூன்று கிலோவிற்கும் மேற்பட்ட உலோகக் கால்தாங்கிகளைச் சுமந்து நடந்த குழந்தைகளுக்கு 300 கிராம் எடையுள்ள தாங்கிகளை அவர் குழுவினர் ஆக்கித் தந்தனர். அதனைத் தமக்குப் பேரின்பம் தந்த பணிகளுள் ஒன்றாக அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

அறிவியலைத் தமிழில் சொல்ல இயலும் என்பதைத் தம் வாழ்நாட் பணியாகக் கொண்டவர் மணவை முஸ்தபா. யுனெஸ்கோ கூரியர் இதழின் தமிழ்ப் பதிப்பாசிரியராகவும், கலைச்சொல் அகராதிகளின் தொகுப்பாளராகவும் உழைத்து 2017இல் மறைந்த அப்பெருமகனாரின் வழியில் சிந்தித்தால், இத்துறைக்குத் தமிழ் வறியதன்று என்பது புலனாகும். கீறல், விரிசல், வெடிப்பு, பிளவு, உரிதல், பெயர்தல், விள்ளல் என ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகைப் பிரிவைச் சுட்டும் சொற்கள் நம்மிடம் உள்ளன. பரப்பில் நிற்பது கீறல், உள்ளே செல்வது விரிசல், இரண்டாக்குவது பிளவு, மேல்அடுக்கு அகல்வது உரிதல். குறை சொல்லில் இல்லை. சொற்களை வரையறுத்து வழங்காமையில் உள்ளது. வலிமை, விறைப்பு, கடினம், பிளவெதிர்ப்பு ஆகிய நான்கையும் 'வலிமை' என்னும் ஒன்றாலேயே எழுதிச் செல்லும் பாடநூல், மாணவனை மயங்க வைக்கும். அம்மயக்கம் பணிமனைவரை சென்றால் உயிருக்கும் ஊறு விளைக்கும். ஆகவே கலைச்சொல் ஆக்கம் மொழிப்பற்று மட்டுமன்று. பாதுகாப்புப் பணியும் ஆகும். தமிழ்த்துறையும் அறிவியல் துறைகளும் ஒரே கூரையின்கீழ் இயங்கும் கல்லூரிகள் இப்பணிக்கு ஏற்ற களங்கள்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், கரியிழைத் தகட்டின் பெருமை இழையில் உள்ளது என்பதும், அதன் பாதுகாப்பு இழைகளுக்கிடையே உள்ள மெல்லிய பிசினில் உள்ளது என்பதும் தெளிவாகின்றன. அப்பிசினின் பிளவெதிர்ப்பை அளக்கலாம், உயர்த்தலாம், ஆனால் உள்ளே நேர்ந்த பிளவைக் கண்ணால் காண இயலாது. காண இயலாத ஒன்றைக் காக்கும் பொறுப்பு, தகட்டை ஆக்குவோனிடமும் சோதிப்போனிடமும் ஒப்படைக்கப்பட்டுள்ளது. பிறர் நம்மிடம் நம்பி ஒப்படைத்ததை 'அமானிதம்' என்று முன்னோர் நமக்குக் கற்பித்தனர். ஐந்து கிலோவில் பிளவு தொடங்கிற்று என்றால் ஐந்து என்றே எழுதுதலும், தட்டிய ஓசை மந்தமானால் தகட்டைக் கழற்றி வைத்தலும் அவ்வமானிதத்தைப் பேணுதலே. இத்துறையில் நுழையவிருக்கும் நம் மாணவமணிகள் கணக்கையும் மொழியையும் இந்நேர்மையையும் ஒருசேரக் கற்பார்களாக.